அறுவை மேசையும் ஊர் மருந்தகமும்

திணையும் பாலும் பற்றிப் பாடம் நடத்தும் தமிழாசிரியர் எவரும் சொல்லதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு நூற்பாவைக் கடந்தே செல்லுதல் வேண்டும். ஆண், பெண் என்னும் இரண்டிலும் நேரே அடங்காத மாந்தரைத் தொல்காப்பியர் அவ்விடத்தில் எடுத்துக்கொள்கிறார். அவரைக் குறிக்கும் சொற்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை. தெய்வத்தைக் குறிக்கும் சொற்களைப் போலவே அவையும் உயர்திணைக்குரிய பாலீறுகளையே ஏற்று வரும் என்பது அவர் வகுத்த விதி. மாணவர் பலர் இதனை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த நூற்பாவிற்குச் சென்றுவிடுவர். ஆயினும் இவர்களை எவ்வாறு அழைப்பது என்னும் அவ்வினா இலக்கண ஏட்டோடு முடிந்துபோன ஒன்றன்று. மருத்துவமனை வரவேற்பு மேசைக்குப் பின்னால் நோயாளியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தாதிக்கு அஃது இன்றும் அன்றாட வினாவே.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை அடுத்திருந்த ஒரு வட்டாரத்திற்குக் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். அங்கே கால்நடை பேணிப் பிழைத்தவருள் தமிழரும் பலர். அப்பெயரையே தாங்கி நின்ற மகப்பேற்று மருத்துவமனையில், 1971 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள், ஆணுடலில் பிறந்து பெண்ணாகவே தம்மை உணர்ந்து வாழ்ந்த ஒருவருக்குப் பால்மாற்று அறுவை செய்யப்பட்டது. சிங்கப்பூரில் அத்தகைய அறுவை நடந்தது அதுவே முதன்முறை. அதற்குத் தலைமை தாங்கியவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். பின்னாளில், 1983 இல், சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறப்பதற்குக் காரணமாக இருந்தவரும் அவரே. அறுவை செய்துகொண்டவர்கள் தம் அடையாள அட்டையில் பாலை மாற்றிக்கொள்வதற்கு 1973 இல் அரசு வழிவிட்டது. அக்காலத்து உலகில் பெரிய நாடுகள் பலவும் செய்யத் துணியாத செயல் இது.

இரத்தினத்தின் துணிவைப் போற்றுவதில் யாருக்கும் தயக்கம் இருத்தலாகாது. எனினும், இத்தகைய வரலாறுகள் எப்போதும் அறுவை மேசையிலிருந்தே சொல்லப்பட்டு வருகின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கத்தி, மயக்க மருந்து, முகமூடி அணிந்த மருத்துவர் குழு, மறுநாள் செய்தித்தாள் என்று கதை நடந்து முடிந்துவிடும். அறுவை ஒரு நாளின் செயல். அதற்குப் பின் அப்பெண் முப்பது ஆண்டோ நாற்பது ஆண்டோ வாழ வேண்டியவள். நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கு யார் சீட்டு எழுதித் தருவார்? இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பவர் யார்? காய்ச்சல் வந்தால் எந்தப் படுக்கைப் பகுதியில் கிடத்துவார்கள்? இவ்வினாக்களுக்குச் செய்தித்தாளில் இடம் இல்லை. மேலும், திருநங்கையர், திருநம்பியர் அனைவரும் அறுவையை நாடுவோரும் அல்லர். நாடுவோர்க்கெல்லாம் அது வாய்ப்பதும் இல்லை. ஆனால் இருமலும் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் அவர்கள் எல்லார்க்கும் வரும்.

இந்த இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு தாய்லாந்து.

பாங்காக்கில் முதல் பால்மாற்று அறுவை 1975 இல் நடந்தது. பிரீச்சா தியூத்ரனோன் என்னும் அறுவை மருத்துவரும் அவருடன் பணியாற்றியவரும் அதனைச் செய்தனர். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அவரிடமும் அவர் மாணவர்களிடமும் அறுவை செய்துகொள்வதற்காக ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வானூர்தியில் வந்து இறங்கலாயினர். அத்துறையில் அந்நாட்டின் புகழ் எட்டுத்திக்கும் பரவிற்று. 2009 இல் மருத்துவ மன்றம் அதற்கென விதிகளும் வகுத்தது. ஆனால் அறுவைக்கு வெளிநாட்டவர் கொண்டுவந்து கொட்டிய பணத்தைப் பார்த்துப் பழகிய அதே நாட்டில், வயற்காட்டு ஊரொன்றில் பிறந்து வளர்ந்த திருநங்கை ஒருத்தி தன் இரத்தத்தில் இயக்குநீரின் அளவு என்ன என்று அறிந்துகொள்ள விரும்பினால், அவளுக்கு அருகில் போக்கிடம் இருக்கவில்லை.

அவளுக்கு இருந்த மருத்துவமனை மருந்துக்கடை ஒன்றே. கருத்தடை மாத்திரை அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கும். பெண்ணின் உடலில் இயங்கும் ஈஸ்ட்ரோஜன் அதில் உண்டு என்பதை மூத்த அக்காமார் இளையவர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். பள்ளியில் படிக்கும் பருவத்திலேயே தொடங்கியவரும் உளர். ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்று விழுங்கினால் விரைவில் பலன் தெரியும் என்ற நம்பிக்கை வேறு. அம்மாத்திரைகளில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ராடியால் என்னும் செயற்கை வகை, கால் நரம்புகளில் இரத்தத்தை உறையச் செய்யும் இடர் மிகுந்தது. புகைப்பவர்க்கு இடர் இன்னும் மிகுதி. உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று தங்கினால் உயிர் போகும். இதனாலேயே திருநங்கையர்க்கு அவ்வகையைத் தவிர்த்து, இயற்கையில் உள்ளதை ஒத்த ஈஸ்ட்ராடியாலைத் தரவேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகள் இன்று வற்புறுத்துகின்றன. மருந்துக்கடைக்காரர் இதனைச் சொல்லியிருக்கக் கூடும். சொல்லாமலும் இருந்திருக்கக் கூடும். அக்காமார் அன்பினால் சொல்லிக் கொடுத்தார்கள். அன்பில் குறை இல்லை, அளவில்தான் குறை.

அவள் ஏன் மருத்துவரிடம் செல்லவில்லை என்று கேட்பவர், காத்திருக்கும் கூடத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தால் போதும். தாய்லாந்து மொழியில் ஆடவரின் பெயருக்கு முன் 'நாய்' என்றொரு அடைமொழி வரும். தமிழ்க் காதுக்கு அது வேறொன்றாகப் படும். உண்மையில் அது 'திருவாளர்' என்பதற்கு ஒப்பான மதிப்புச் சொல்லே. மணமாகாத பெண்ணின் பெயருக்கு முன் 'நாங்சாவ்' வரும். அந்நாட்டுச் சட்டப்படி ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இந்த அடைமொழியைப் பால்மாறியவர் மாற்றிக்கொள்ள இயலாது. அதை மாற்ற வழிசெய்யும் சட்ட முன்வரைவு ஒன்றை 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே, நீண்ட கூந்தலும் சேலை போன்ற பாவாடையுமாக அமர்ந்திருக்கும் ஒருத்தியின் பெயரைத் தாதி உரக்கக் கூப்பிடும்போது, முன்னால் 'நாய்' என்னும் சொல் வந்து விழுகிறது. கூடத்தில் உள்ள நாற்பது தலைகளும் திரும்புகின்றன. மீசை வைத்த திருநம்பியை 'நாங்சாவ்' என்று கூப்பிடும்போதும் அதுவே நடக்கிறது. எழுந்து செல்பவர் நோயோடு நாணத்தையும் சுமந்து செல்கிறார். அடுத்த முறை அவர் வாரார். அத்தாதியைக் கொடியவள் என்று சொல்லிவிட முடியாது. அட்டையில் இருப்பதைப் படிப்பதே அவளுக்கு இடப்பட்ட வேலை.

2015 நவம்பரில் பாங்காக்கில், தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் எய்ட்ஸ் ஆய்வு நடுவத்தைச் சார்ந்து 'டேஞ்சரின்' என்னும் மருந்தகம் திறக்கப்பட்டது. திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் உரியதாகவே அஃது அமைக்கப்பட்டது. 1975 இல் நடந்த அறுவைக்கும் இம்மருந்தகத்திற்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. கதவைத் திறந்தவுடன் எதிர்ப்படுபவர் முதல், ஆலோசனை கூறுபவர் வரை அங்கே பணிபுரிந்தோரில் திருநங்கையர் பலர் இருந்தனர். எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிவதே அந்நடுவத்தின் முதற் கவலை. ஆனால் 'எச்.ஐ.வி. சோதனைக்கு வாருங்கள்' என்று அழைத்தால் அஞ்சி ஒதுங்குவோர், 'உங்கள் இயக்குநீர் அளவைச் சோதித்துச் சரியான மருந்தைத் தருகிறோம்' என்றால் வருவார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வந்தவர்க்கு எல்லாச் சோதனையும் ஒரே கூரையின் கீழ் நடந்தது. நோய் பரப்புவோர் என்று அவர்களை நோக்குவதை விடுத்து, அவர்களுக்கு வேண்டியது யாது என்று முதலில் கேட்டதே அம்மருந்தகத்தின் பெருமை எனலாம். நித்தயா பானுபாக் என்னும் மருத்துவர் இம்முயற்சிக்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர். பட்டம் பெறாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரே விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம் என்று 2019 இல் பொதுச் சுகாதார அமைச்சு விதி செய்ததற்கும் இத்தகைய மருந்தகங்களின் அனுபவமே துணை நின்றது.

இவ்வளவும் பாங்காக்கில். சீசகேத் மாநிலமோ பாங்காக்கிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கம்போடிய எல்லையை ஒட்டிக் கிடப்பது. அங்கே பிறந்து, தலைநகரில் அழகு நிலையம் ஒன்றில் பத்தாண்டு உழைத்த ஒருத்தியை எண்ணிக்கொள்ளலாம். அவளைப் போன்றோர் பலர் உண்மையாகவே இருக்கின்றனர். தாய் நோய்வாய்ப்படுகிறாள், பார்த்துக்கொள்ள இவளே ஊர் திரும்ப வேண்டும். திரும்பிய பின் இவளுடைய மாத்திரை? மாதம் ஒருமுறை இரவுத் தொடர்வண்டி ஏறித் தலைநகர் சென்று வர இவளுக்குக் கூலி கட்டாது. ஆகவே மீண்டும் அதே மருந்துக்கடை, அதே கருத்தடை மாத்திரை. தலைநகரில் எத்துணைச் சிறந்த மருந்தகம் இருந்தாலும், ஊருக்கு அருகில் ஒன்று இல்லையேல் அது வழிப்போக்கர்க்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் மட்டுமே. வீட்டுக் கிணறு ஆகாது.

தற்செயலாக, அதே சீசகேத் மாநிலத்து இராசிசலாய் என்னும் சிற்றூர் மருத்துவமனையில்தான் சங்குவான் நித்தயாரம்போங் என்ற இளைய மருத்துவர் ஒரு காலத்தில் பணியாற்றினார். மருத்துவச் செலவுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்கும் உழவரை அவர் அங்கே கண்ணெதிரே கண்டார். பின்னாளில் தாய்லாந்தின் புகழ்பெற்ற முப்பது பாட்டுத் திட்டத்தை உருவாக்கியவர் அவரே. ஒரு வருகைக்கு முப்பது பாட்டு கொடுத்தால் போதும், எவர்க்கும் மருத்துவம் உண்டு என்னும் அத்திட்டம் 2002 இல் சட்டமாயிற்று. பெருநகர மருத்துவமனையினும் ஊர் மருந்தகத்தையே அஃது அடித்தளமாகக் கொண்டது. வட்டாரந்தோறும் சுகாதார நிலையம், அதற்கு மேல் மாவட்ட மருத்துவமனை, அதற்கும் மேல் மாநில மருத்துவமனை என்று படிப்படியாக ஏறும் அமைப்பு அது. நாடு முழுவதும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வட்டாரச் சுகாதார நிலையங்களும், ஏறத்தாழ பத்து இலட்சம் ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களும் அந்நாட்டில் உள்ளனர். எந்த வீட்டில் கருவுற்றவள் இருக்கிறாள், எந்த முதியவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் அத்தொண்டர்கள் அறிவர். இத்தகைய கட்டமைப்பைக் கண்டு பொறாமைப்படாத நாடு இல்லை. திருநங்கையர்க்கான மருத்துவத்தை இதனுள் கொண்டுவருவதுதான் இன்றைய பணி. தனிக் கட்டடம் எழுப்புவதைவிட இது கடினமானது. ஏனெனில் இங்கே மாற வேண்டியது கட்டடம் அன்று, பழக்கம்.

'எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்' என்பதே ஊர் மருத்துவர் வழக்கமாகச் சொல்லும் விடை. தாய்லாந்தில் மட்டுமன்று, எந்நாட்டிலும் இவ்விடையே கேட்கிறது. இதில் பணிவும் உண்டு; தட்டிக் கழித்தலும் உண்டு. ஏனெனில், அவருக்குத் தெரியாத மருந்து இதில் ஒன்றுகூட இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணின் துன்பத்தைக் குறைக்க அவர் எழுதித் தரும் அதே ஈஸ்ட்ராடியாலே திருநங்கைக்கும் தரப்படுகிறது. ஆணின் இயக்குநீரை அடக்கத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன், இதய நோயாளிக்கு அவர் நாள்தோறும் தருவது. பொட்டாசியம் கூடுகிறதா என்று இரத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் அறிந்ததே. அதே நோக்கத்திற்குத் தரப்படும் சைப்ரோட்டெரோன் மிகுந்த அளவில் நெடுங்காலம் சென்றால் மூளையுறையில் கட்டி தோன்றும் இடர் உண்டு என்பதால், அளவைக் குறைத்து வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். திருநம்பிக்குத் தரும் டெஸ்டோஸ்டெரோன் இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக் கெட்டியாக்கும். ஆதலின் அதனையும் இடையிடையே அளந்து பார்த்தல் வேண்டும். நீரிழிவு நோயாளிக்கு இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் பழகிய கைக்கு இது பெரிய வித்தையா?

தெரியாதது வேறொன்று. உடலில் எவ்வுறுப்பு உண்டோ அதற்கு உரிய சோதனையைச் செய்ய வேண்டும் என்னும் எளிய உண்மை அது. பால்மாற்று அறுவை முடிந்த பெண்ணின் உடலிலும் ஆண்களுக்குரிய முன்னிற்கும் சுரப்பி எஞ்சியிருக்கும். முதுமையில் அதில் நோய் தோன்றலாம். கருப்பை நீக்கப்படாத திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை இன்றியமையாதது. பெண்கள் பகுதியில் காத்திருக்கக் கூசி அச்சோதனையைத் தள்ளிப்போடும் திருநம்பியருக்குப் புற்றுநோய் கூச்சம் பார்த்து வருவதில்லை. உலகத் திருநர் நல மருத்துவச் சங்கம் 2022 இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறையில் முதல்நிலை மருத்துவத்திற்கென்றே ஓர் இயல் உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், பால்நிலைப் பொருந்தாமையை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே 'முதலில் மனநோய் மருத்துவரிடம் சென்று சான்று வாங்கி வா' என்று ஊர் மருத்துவர் கைகழுவுவதற்கு முன்பிருந்த சாக்கும் இப்போது வலுவிழந்துவிட்டது.

பணத்தின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். டேஞ்சரின் மருந்தகம் வளர்ந்தபோது அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவித் தொகை அதற்குத் துணையாய் இருந்தது. இந்தியாவிலும் 2021 ஜனவரியில் ஹைதராபாத்தில் 'மித்ர்' என்னும் மருந்தகம் அதே உதவித் தொகையால் திறக்கப்பட்டது. அங்கும் திருநர் சமூகத்தாரே பணிபுரிந்தனர். ஆயிரக்கணக்கானோர் பயன் பெற்றனர். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய ஆட்சி வந்தவுடன் வெளிநாட்டு உதவி நிறுத்தி வைக்கப்பட்டது. மித்ர் மருந்தகத்தின் கதவு அடைபட்டது. இயக்குநீர் மருந்துக்காக மாதந்தோறும் அங்கே வந்து பழகியவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பினர். உள்நாட்டு அறக்கட்டளை ஒன்று கைகொடுத்ததனால் பின்னர் வேறு பெயரில் அது மீண்டும் திறக்கப்பட்டது என்பது ஆறுதல். ஆயினும் ஓர் ஊரில் உள்ளவரின் அன்றாட மருந்து, கடல் கடந்த ஒரு நாட்டுத் தேர்தலின் முடிவைப் பொறுத்து இருக்கிறது என்றால் அதனை மருத்துவச் சேவை என்று எப்படிக் கூறுவது?

அதே 2025 ஜனவரியில்தான் தாய்லாந்து அரசு, முப்பது பாட்டுத் திட்டத்தின் கீழ்த் திருநர்க்கு இயக்குநீர் மருத்துவம் அளிக்க 14 கோடி 50 இலட்சம் பாட்டுக்கும் மேற்பட்ட தொகையை ஒதுக்கியதாக அறிவித்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் பயனடைவர் என்றும் கூறியது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 730 பாட்டு அளவே வரும்; மிகப் பெரிய தொகை அன்று. ஆனால் அது தாய்லாந்து மக்களின் வரிப்பணம். எந்நாட்டுத் தேர்தலாலும் ஓரிரவில் நின்றுவிடாத பணம். எதிர்த்தவர்களும் இருந்தனர். வேறு நோய்களுக்கே மருத்துவமனைகளில் பணம் போதவில்லையே என்று கேட்டனர். கேள்வி நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. மாநில மருத்துவமனைகள் பல கடனில் தத்தளிப்பது உண்மை. எனினும், கால் நரம்பில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் சென்றபின் தீவிர மருத்துவப் பிரிவில் ஒரு வாரம் கிடத்துவதற்கு ஆகும் செலவோடு, பாதுகாப்பான மாத்திரைக்கும் ஆண்டுக்கு இரண்டொரு இரத்தச் சோதனைக்கும் ஆகும் செலவை ஒப்பிட்டுப் பார்த்தபின் அக்கேள்வியைக் கேட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

அறிவிப்பு வேறு, மருந்து அலமாரி வேறு. சீசகேத்தின் வட்டாரச் சுகாதார நிலையத்தில் அம்மாத்திரை வந்து சேர வேண்டும். வந்ததை எழுதித் தர மாவட்ட மருத்துவமனை மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும். ஐயம் வந்தால் தொலைபேசியில் கேட்கத் தலைநகரில் ஒருவர் வேண்டும். டேஞ்சரின் போன்ற மருந்தகம் இனிச் செய்யத்தக்க பெரும்பணி இதுவே. எல்லா நோயாளியையும் தன்னிடம் வரவழைப்பதை விடுத்து, தான் கற்றதை ஊர் மருத்துவர்க்குக் கற்றுக் கொடுக்கும் பள்ளியாக அது மாறுதல் வேண்டும். பட்டாயாவில் திருநங்கையரே நடத்தும் 'சிஸ்டர்ஸ்' அமைப்புப் போன்றவை தலைநகருக்கு வெளியே இப்பணியில் ஏற்கெனவே இறங்கியுள்ளன.

ஊர் திரும்பிய அவள், தாயின் இரத்த அழுத்த மருந்துக்காக மாதம் ஒருமுறை வட்டாரச் சுகாதார நிலையத்திற்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாயைத் தாங்கிப் பிடித்து அழைத்து வருபவளை அங்குள்ள தாதி பலமுறை பார்த்திருக்கிறாள். சிறு வயதில் ஒரே பள்ளியில் படித்தவளாகவும் இருக்கலாம். ஒருநாள் மகளும் தனக்கென ஓர் அட்டை போடச் சொல்கிறாள். அட்டையில் அச்சாகி வருவது சட்டப்படி அந்தப் பழைய அடைமொழியேதான். அதனைத் தாதி மாற்ற முடியாது. முறை வந்ததும் அவள் அட்டையைக் கையில் எடுக்கிறாள், முன்னால் உள்ள சொல்லை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கூப்பிடுகிறாள். தாயும் மகளும் எழுந்து உள்ளே செல்கின்றனர்.